டேங் மீன் மேல வெள்ளைப் புள்ளி வந்துச்சு, போச்சு, திரும்ப வந்துருச்சு. காப்பர் மருந்தை மெயின் டேங்க்லயே (தொட்டிலயே) ஊத்தலாமா?

நண்டுவளை:

வணக்கம் எல்லாருக்கும். சால்ட்வாட்டர் பக்கம் வந்து ஒரு வருஷம்கூட முழுசா ஆகல, அதனால தப்பு பண்ணிருந்தா திட்டுங்க, ஆனா பதிலையும் சொல்லிட்டுத் திட்டுங்க.

டேங்க் 300 லிட்டர், லைவ் ராக் (பாக்டீரியா வாழுற பாறை) நிறைய, கீழ மணல். மீன்ல ரெண்டு க்ளவுன், ஒரு ராயல் கிராமா, ஒரு சின்ன கோபி (இது ரெண்டு மாசமா கண்ணுல படல, செத்துருக்கும்னு விட்டுட்டேன்), ரெண்டு க்ளீனர் ஷ்ரிம்ப், நத்தைங்க, கொஞ்சம் சாஃப்ட் கோரல். எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. பதினோரு நாள் முன்னாடி ஒரு ப்ளூ டேங் வாங்கிட்டு வந்து, பையோட ஒரு மணி நேரம் மிதக்க விட்டுட்டு, நேரா உள்ள விட்டேன். க்வாரண்டைன் (புது மீனைத் தனித் தொட்டில வெச்சுப் பாக்குறது) எல்லாம் பண்ணல, பெரிய ஆளுங்க மட்டும் பண்றதுன்னு நெனச்சுட்டேன்.

அஞ்சாவது நாள் டேங்கோட துடுப்புல வெள்ளை வெள்ளையா புள்ளி. பயந்துட்டேன். ஏழாவது நாள் பாத்தா ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்கு, அப்பாடான்னு இருந்தேன். இன்னைக்குக் காலைல பாத்தா முன்ன இருந்ததை விட மூணு மடங்கு, க்ளவுன்லயும் நாலஞ்சு இருக்கு. வாங்குன எடத்துல கேட்டா காப்பர் பாட்டில் ஒண்ணு குடுத்து டேங்க்லயே ஊத்துங்க மூணு நாள்ல சரியாயிடும்னாங்க. பாட்டிலைக் கைல வெச்சுக்கிட்டுத்தான் இதை டைப் பண்றேன். ஊத்தலாமா வேணாமா?


உப்புக்கல்:

ஊத்தாதீங்க. மூடியைத் திருகி அலமாரில வைங்க, அப்புறம் மீதியைப் படிங்க.

காப்பர் மீனைக் காப்பாத்துற அளவுக்குப் போட்டா ஷ்ரிம்ப், நத்தை, கோரல் எல்லாம் போயிடும். அது மட்டும் இல்ல, பாறையும் மணலும் சுண்ணாம்புதானே, அது காப்பரை இழுத்து வெச்சுக்கும், நீங்க ஊத்துன அளவு தண்ணில நிக்கவே நிக்காது, நோயும் போகாது. பின்னாடி அந்தப் பாறையை நம்பி ஒரு ஷ்ரிம்ப் விடவும் பயமா இருக்கும்.

புள்ளி மறைஞ்சதும் அப்பாடான்னு இருந்தேன்னு எழுதிருக்கீங்க பாருங்க, எல்லாரும் ஏமாறுறது அங்கதான். அது குணமானது இல்ல. இக் (கிரிப்டோகாரியான்னு ஒரு ஒட்டுண்ணி) மீன் தோலுக்கு அடியில மூணுல இருந்து ஏழு நாள் வரைக்கும் தின்னுட்டு உக்காந்திருக்கும், நமக்குத் தெரியுற வெள்ளைப் புள்ளி அதுதான். வயிறு நெறைஞ்சதும் உதிர்ந்து மணல்லயோ பாறைலயோ ஒட்டி ஓடு கட்டிக்கும். அந்த ஓட்டுக்குள்ள ஒண்ணு நூறு நூறா பெருகி வெடிச்சு வெளிய வந்து திரும்ப மீனைத் தேடும். அதனாலதான் ரெண்டாவது தடவை வரும்போது மூணு மடங்கு.

ஆனா இது இக் தானான்னு மொதல்ல முடிவு பண்ணணும். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க:
புள்ளி எண்ண முடியுற மாதிரி உப்புக்கல் சைஸா, இல்ல மாவு தூவுன மாதிரி நுணுக்கமா இருக்கா? மீன் பவர்ஹெட் (தண்ணியைத் தள்ளுற பம்ப்) தண்ணி அடிக்கிற எடத்துல மூஞ்சைக் காட்டிட்டு நிக்குதா? லைட்டைப் பாத்து ஒளியுதா? சாப்பிடுதா? ஒரு நிமிஷத்துக்கு செவுள் எத்தனை தடவை திறந்து மூடுதுன்னு ஒவ்வொரு மீனுக்கும் எண்ணுங்க. க்ளவுன் மேல வழவழன்னு தோல் உரியுற மாதிரி ஏதாவது தொங்குதா?


அலைக்காக்கா:

ப்ரோ டென்ஷன் ஆகாதீங்க. எனக்கும் வந்துச்சு, பூண்டுச் சாறுல சாப்பாட்டை ஊற வெச்சுப் போட்டேன், க்ளீனர் ஷ்ரிம்ப் இருக்கு, யூவி லைட் கருவி ஒண்ணு மாட்டுனேன், ரெண்டு வாரத்துல எல்லாம் க்ளியர். மீனைப் புடிக்கப் போனாதான் ஸ்ட்ரெஸ் ஆகி சாகும்.


உப்புக்கல்:

அலைக்காக்கா, உங்க டேங்க்ல இப்பவும் அது இருக்கும், மீனுக்கு எதிர்ப்பு சக்தி வந்து அடங்கி இருக்கு, அவ்வளவுதான். ஹீட்டர் ஒரு நாள் ஃபெயில் ஆனாலோ புது மீன் ஒண்ணு வந்தாலோ திரும்பக் கிளம்பும். பூண்டு வாசத்துக்கு மீன் சாப்பிட வரும், அது நல்லதுதான், ஆனா பூண்டு எந்த ஒட்டுண்ணியையும் கொல்லாது. ஷ்ரிம்ப் மேல்தோலைக் கொத்தும், இக் இருக்கிறது தோலுக்கு அடியில. யூவி அது வழியா போற தண்ணியைத்தான் சுத்தம் பண்ணும், மணல்ல இருந்து எழும்பி நேரா மீன் மேல ஒட்டுறதை அது என்ன பண்ணும்.

ஸ்ட்ரெஸ்ல சாகும்னு சொன்னது முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன். கோரல் நெறைஞ்ச பெரிய டேங்க், மீனெல்லாம் கொழுத்து நல்லா சாப்பிடுது, அப்படி இருந்தா இக்கோட சேர்ந்தே ஓட்டுறவங்க இருக்காங்க. இவர் டேங் வந்து பதினோரு நாள்தான் ஆகுது, இன்னும் பயணக் களைப்பே போயிருக்காது.


நண்டுவளை:

எண்ணிட்டேன். டேங் மேல ஒரு பக்கம் மட்டும் முப்பத்தஞ்சு புள்ளி கிட்ட, உப்புக்கல் மாதிரிதான், மாவு மாதிரி இல்ல. பாறைல ஒடம்பைத் தேய்ச்சுக்குது. சாப்பிடுது, நோரி ஷீட்டை (கடல்பாசித் தாளை) விடவே இல்ல. பெரிய க்ளவுன் மட்டும் வேகமா மூச்சு விடுது, நிமிஷத்துக்கு 110 வந்துச்சு, சின்னது 70. பவர்ஹெட் பக்கம் யாரும் நிக்கல, வழவழப்பும் இல்ல. கிராமா குகையை விட்டு வரல, ஆனா அது எப்பவுமே அப்படித்தான்.

சரி க்வாரண்டைன் டேங்க் வைக்கிறேன்னு வைங்க, என்கிட்ட 40 லிட்டர் பழைய டேங்க் ஒண்ணுதான் இருக்கு. சைக்கிள் ஆன (அமோனியாவைத் தின்னுற பாக்டீரியா வளர்ந்த) ஃபில்டரும் இல்ல. அமோனியால செத்துடாதா?


சங்குமாமா:

இந்த அமோனியா கேள்வியை நீங்களே கேட்டதுக்கு ஒரு கும்பிடு. க்வாரண்டைன் டேங்க்ல சாகுற மீன்ல நெறைய நோயால சாகுறது இல்ல, நம்ம அவசரத்தால சாகுது.

உப்புக்கல் கேட்ட கேள்வியோட காரணத்தைச் சொல்லிடுறேன், பின்னாடி படிக்கிறவங்களுக்கும் உதவும். மாவு தூவுன மாதிரி இருந்து, மீன் பவர்ஹெட் முன்னாடி நின்னு, வெளிச்சத்தைப் பாத்து ஒளிஞ்சா அது வெல்வெட்னு வேற ஒட்டுண்ணி. அது செவுள்ல மொதல்ல ஏறும், தோல்ல தெரியுறதுக்குள்ளயே பாதி மீன் போயிருக்கும், ரெண்டு மூணு நாள்ல தொட்டியே காலி. க்ளவுன் மேல கெட்டியா சளி உரிஞ்சு தொங்குனா ப்ரூக்ளினெல்லாங்கிற இன்னொரு ஒட்டுண்ணி, அதுக்குக் காப்பர் வேலைக்கே ஆகாது, ஃபார்மலின்தான், அது விஷம், கையுறை போட்டு காத்தோட்டமான எடத்துல வெச்சுத்தான் தொடணும். உங்களுது எண்ணக்கூடிய புள்ளி, சாப்பிடுது, வந்து போயி வந்துருக்கு, அதனால இக்னு எடுத்துட்டுப் போகலாம். இக்குக்கும் வெல்வெட்டுக்கும் காப்பர் கேக்கும், அதனால கொஞ்சம் தப்பாக் கணிச்சிருந்தாலும் பரவால்ல.

40 லிட்டர்ல டேங் மீனை வைக்காதீங்க, அது நீந்துற மீன், செவுத்துல முட்டி முட்டியே ஓஞ்சுடும். புது ப்ளாஸ்டிக் டப் ஒண்ணு, 100 லிட்டருக்கு மேல, சோப்பு படாதது. க்வாரண்டைனுக்கு கண்ணாடிதான் வேணும்னு எந்தச் சட்டமும் இல்ல. அந்த 40 லிட்டரைத் தண்ணி கலந்து ரெடியா வைக்கப் பயன்படுத்துங்க, தினமும் தேவைப்படும். டப்ல மணல் வேணாம், பாறை வேணாம், காப்பரை உறிஞ்சும். மீன் ஒளியுறதுக்கு அகலமான பிவிசி பைப் துண்டும் எல்போவும் போதும், ஒரு மீனுக்கு ஒரு பைப்பாவது இருக்கட்டும், இல்லைன்னா டேங் கிராமாவை வெரட்டும். ஹீட்டர், ஏர் ஸ்டோன், ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஏர் ஸ்டோனைக் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, உங்க பெரிய க்ளவுன் 110 மூச்சு விடுதுன்னா செவுள்லயும் இருக்கு, அதுக்கு இப்ப ஆக்ஸிஜன்தான் மருந்து. சுத்தி மூணு பக்கம் பேப்பர் ஒட்டி, லைட் மங்கலா வைங்க. மேல வலை போடுங்க, குதிக்கும்.

சைக்கிள் ஆகாத ஃபில்டருக்கு: மெயின் டேங்க் சம்ப்ல (ஃபில்டர் தொட்டில) ஏதாவது ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் கெடந்தா எடுத்துப் போடுங்க. அதுல இக் இருக்குமேன்னு யோசிப்பீங்க, இருக்கட்டும், மீன்லயே இருக்கு, காப்பர்ல அதுவும் சேர்ந்து போகும். பாட்டில் பாக்டீரியாவும் ஊத்தலாம். ஆனா எதை ஊத்துனாலும் மொத ரெண்டு வாரம் தினமும் அமோனியா டெஸ்ட் பண்ணணும், கடல் தண்ணி பிஹெச் 8க்கு மேல இருக்கிறதால அதே அளவு அமோனியா நல்ல தண்ணி டேங்கை விட இங்க பல மடங்கு விஷம். ஏறுனா தண்ணி மாத்துங்க, அவ்வளவுதான் வழி.

இப்ப நான் பண்ணுன கூத்தைச் சொல்றேன். மொத தடவை க்வாரண்டைன் பண்ணும்போது டெஸ்ட்ல அமோனியா ஏறிடுச்சு, ராத்திரி நேரம், தண்ணி கலந்து வெக்கல, சோம்பேறித்தனம் வேற, அமோனியாவைக் கட்டுற கண்டிஷனரை ஊத்திட்டுப் படுத்துட்டேன். காப்பரோட அந்த மாதிரி கண்டிஷனர் சேர்ந்தா காப்பரை இன்னும் கொடிய வடிவத்துக்கு மாத்திடும்னு காப்பர் பாட்டில்லயே போட்டிருந்துச்சு, நான் படிக்கல. காலைல ரெண்டு மீன் தரையில கெடந்துச்சு. அன்னைல இருந்து மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி 40 லிட்டர் தண்ணி கலந்து தயாரா வைக்காம எதையும் தொடுறது இல்ல.

அடுத்து காப்பர் அளவு. மொதல்ல உங்க பாட்டில் என்ன வகைன்னு பாருங்க, ரெண்டு வகை இருக்கு. காப்பர் பவர் மாதிரி கீலேட் பண்ணுனதா (காப்பரை வேற பொருளோட கட்டி வெச்சதா) இருந்தா 2.25ல இருந்து 2.5 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல அத்தனை பங்கு). கியூப்ரமைன் மாதிரி அயனி வகையா இருந்தா 0.5 பிபிஎம். கீலேட் அளவை அயனி வகைக்குப் போட்டீங்கன்னா மீன் போயிடும், அயனி அளவைக் கீலேட்டுக்குப் போட்டா நோய் போகாது. ஒரே நாள்ல முழு அளவும் ஊத்தாதீங்க, மூணு நாலு நாளா ஏத்துங்க, மீன் சாப்பிடுறதைப் பாத்துக்கிட்டே. கலர் பாத்து ஒப்பிடுற டெஸ்ட் கிட்டை நம்பி இதைப் பண்ண முடியாது, டிஜிட்டலா நம்பர் காட்டுற காப்பர் செக்கர் வாங்கிடுங்க, கீலேட் வகைக்கு ஹை ரேஞ்ச். 2.25க்குக் கீழ எறங்குனா அன்னைல இருந்து நாள் கணக்கு திரும்ப ஆரம்பம். தண்ணி மாத்தும்போது புதுத் தண்ணிலயும் அதே அளவு காப்பர் கலந்துட்டு மாத்தணும், இதை மறந்துட்டுத்தான் பாதிப் பேர் ஏன் போகலன்னு கேப்பாங்க.

30 நாள். நாலாவது நாள் புள்ளி அப்படியே இருக்கேன்னு அளவைக் கூட்டாதீங்க. காப்பர் தோலுக்குள்ள இருக்கிறதைத் தொடாது, ஓட்டுக்குள்ள இருக்கிறதையும் தொடாது, வெளிய நீந்துறதை மட்டும்தான் கொல்லும். மீன் மேல இருக்கிறது உதிர்ந்து, வெடிச்சு, வெளிய வந்து சாகுற வரைக்கும் காத்திருக்கணும்.


உப்புக்கல்:

சங்குமாமா சொன்னதுக்கு மேல ஒண்ணு, எல்லா மீனும் வெளிய வரணும். புள்ளி இருக்கிறதை மட்டும் எடுத்துட்டு கிராமாவை உள்ள விட்டீங்கன்னா வேலை அத்தனையும் வீண், அது செவுள்ல கண்ணுக்குத் தெரியாம வெச்சிருக்கும். ஷ்ரிம்ப், நத்தை, கோரல் உள்ளயே இருக்கலாம், இக் அதுங்க மேல வாழாது.

மெயின் டேங்க் 76 நாள் மீனே இல்லாம காலியா கெடக்கணும். வெளிய நீந்துறது ஒரு நாள் ரெண்டு நாளுக்குள்ள மீன் கிடைக்கலன்னா செத்துடும், பிரச்சனை அந்த ஓடுதான், 72 நாள் வரைக்கும் கழிச்சுக்கூட வெடிச்சதைப் பதிவு பண்ணிருக்காங்க, 76 அதுல இருந்து வந்தது. சூடு 27 டிகிரி கிட்ட வெச்சா சீக்கிரம் முடியும்னு 45 நாள்ல நிறுத்துறவங்களும் உண்டு, எனக்கு அந்த தைரியம் இல்ல.

ரெண்டு தொட்டிக்கும் வேற வேற வலை, வேற வேற வாளி. ஈரக் கையோட இதுல இருந்து அதுக்குப் போகாதீங்க. முடிஞ்சா ரெண்டும் வேற ரூம்ல, ஏர் ஸ்டோன் தெறிக்கிற துளிலயே ஒட்டுண்ணி போயி சேரும்.


பாறைக்கீழ:

காப்பர் எல்லாருக்கும் ஒத்து வராது, அதையும் சொல்லணும்ல. நான் டேங்க் ட்ரான்ஸ்ஃபர்தான் பண்ணுவேன். ரெண்டு டப், ரெண்டு செட் ஹீட்டர் ஏர் ஸ்டோன், 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை மீனை மட்டும் புதுத் தண்ணி டப்புக்கு மாத்தணும், பழைய டப்பைக் காலி பண்ணி நல்லா காய வைக்கணும், நாலு தடவை மாத்துனா 12 நாள்ல முடிஞ்சுது. உதிர்ந்த ஓடு வெடிக்கிறதுக்கு முன்னாடியே மீனை நகத்திடுறோம், அதான் விஷயம். மருந்தே இல்ல, அமோனியாவும் ஏறுறதுக்குள்ள தண்ணி மாறிடும். மாண்டரின், ட்வார்ஃப் ஏஞ்சல் மாதிரி காப்பர் தாங்காததுக்கு இது நல்லது. ஆனா இக்குக்கு மட்டும்தான், வெல்வெட்டுன்னா இதை நம்பாதீங்க.

உப்பைக் குறைக்கிற வழியும் இருக்கு, தண்ணியோட அடர்த்தியை 1.009க்கு எறக்கி வைக்கிறது. ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பு அளக்குற கருவி) சரியா காலிப்ரேட் பண்ணலைன்னா 1.011ல நின்னுட்டு இக் சந்தோஷமா வாழும், பிஹெச்சும் எறங்கிட்டே போகும், வெல்வெட் அந்த உப்புலயும் நல்லாவே இருக்கும். எறக்குறது ரெண்டு நாள்ல பண்ணலாம், ஏத்துறது மட்டும் ஒரு வாரம் மெதுவா. எனக்குப் பொறுமை இல்ல அதுக்கு.

யாராவது நல்ல தண்ணி டிப் குடுங்கன்னு சொல்லுவாங்க. அஞ்சு நிமிஷம் நல்ல தண்ணில வைக்கிறதால இக் போகாது, தோலுக்கு அடியில பத்திரமா இருக்கும். வெல்வெட், ஃப்ளூக் (தட்டைப்புழு) இதுக்குத்தான் கொஞ்ச நேர நிம்மதி. உங்க க்ளவுனை இப்ப இருக்கிற நெலமைல அதுக்கு இழுக்காதீங்க.


நண்டுவளை:

டப் வாங்கிட்டேன், பாட்டில் கீலேட் வகைதான், செக்கர் வர ரெண்டு நாள் ஆகும். ஆனா புடிக்கவே முடியல! ஒரு மணி நேரமா வலையோட நிக்கிறேன், டேங் பாறை இடுக்குல பூந்துட்டு முள்ளை விரிச்சுப் பூட்டிக்கிச்சு, எனக்கும் மூச்சு நிமிஷத்துக்கு 110.


சங்குமாமா:

வெரட்டாதீங்க, வலையை வெளிய எடுங்க. தண்ணில பாதியை சைஃபன்ல எடுத்துத் தனியா வெச்சுக்கோங்க, பாறையை ஒவ்வொண்ணா எடுத்து அந்தத் தண்ணிலயே வைங்க, கோரல் கோச்சுக்காது. தண்ணி ஒரு சாண் இருக்கும்போது மீனுக்கு ஓட எடம் இருக்காது. வலையை விட ஒரு டப்பால தண்ணியோட அள்ளுங்க, டேங் வால் பக்கத்துல கத்தி மாதிரி முள் இருக்கு, வலைல சிக்கிக் கிழியும், உங்க கையையும் கிழிக்கும். அதைப் பண்ண மனசு இல்லைன்னா ராத்திரி லைட் அணைஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு டார்ச்சோட வாங்க, க்ளவுன் ரெண்டும் அரைத் தூக்கத்துல இருக்கும், அள்ளிடலாம்.

செக்கர் வர்ற வரைக்கும் காப்பர் தொட வேணாம், டப்ல சும்மா பழகட்டும். ரெண்டு நாள்ல இக் ஒண்ணும் தலைகீழாப் பண்ணிடாது. டப் தண்ணியோட உப்பும் சூடும் டேங்க்ல இருக்கிற மாதிரியே இருக்கணும், அப்ப நேரா விடலாம்.


நண்டுவளை:

அப்டேட், பதினாலாவது நாள். லேட் ஆயிடுச்சு மன்னிச்சுக்கோங்க.

பாறையெல்லாம் எடுத்துத்தான் புடிச்சேன், நாலும் வெளிய வந்துச்சு. பெரிய க்ளவுன் மூணாவது நாள் ராத்திரி போயிடுச்சு, மூச்சு வாங்கிட்டே இருந்துச்சு, அதுக்கு நான் லேட். மத்த மூணும் இருக்கு. காப்பர் நாலு நாள்ல 2.3க்கு ஏத்துனேன், அங்கயே நிக்குது. ஆறாவது நாள் அமோனியா ஏறிடுச்சு, சங்குமாமா கதை ஞாபகத்துல இருந்ததால தண்ணி கலந்து ரெடியா வெச்சிருந்தேன், பாதி மாத்துனேன், எறங்கிடுச்சு. புள்ளி எட்டாவது நாள் மறைஞ்சுது, இந்தத் தடவை அப்பாடான்னு சொல்லல. கிராமா ரெண்டு நாள் சாப்பிடல, மைசிஸ் (குட்டி இறால் மாதிரி தீனி) போட்டதும் பைப்பை விட்டு வெளிய வந்துச்சு.

76 நாள் எப்ப இருந்து எண்ணணும், காப்பர் ஆரம்பிச்ச நாளா, இல்ல மீனை எடுத்த நாளா?


உப்புக்கல்:

கடைசி மீன் மெயின் டேங்கை விட்டு வெளிய வந்த நாள்ல இருந்து. நல்லாப் பண்ணிருக்கீங்க. க்ளவுனுக்கு வருத்தப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா செவுள்ல அவ்வளவு ஏறுனதுக்கு அப்புறம் அனுபவம் இருக்கிறவங்க கைலயும் தப்பறது கஷ்டம். டேங்க்ல ஷ்ரிம்புக்குக் கொஞ்சம் சாப்பாடு போட்டுட்டே இருங்க, இல்லைன்னா 76 நாள் கழிச்சு மீனைத் திரும்ப விடும்போது பாக்டீரியா கொறைஞ்சிருக்கும். புதுசா கோரல், நத்தை எதுவும் இதுக்கு நடுவுல உள்ள விட்டுடாதீங்க, அதுங்க ஓட்டுலயும் பாறைலயும் ஒட்டிட்டு வரும்.


நண்டுவளை:

கடைசி மீன்னு நீங்க எழுதுனதைப் படிச்சுட்டு சும்மா டார்ச் எடுத்துட்டுப் போயி மெயின் டேங்க்ல அடிச்சுப் பாத்தேன்.

கோபி இருக்கு. ரெண்டு மாசமா காணாமப் போன கோபி. ஷ்ரிம்புக்குப் போட்ட சாப்பாட்டைத் தின்னுட்டு நல்லா கொழுகொழுன்னு மணல் ஓரமா உக்காந்திருக்கு. பாறையை எடுக்கும்போது மணலுக்குள்ள பூந்திருக்கும் போல.


சங்குமாமா:

மேல புள்ளி இருக்கா?


நண்டுவளை:

ஒண்ணுகூட இல்ல. அதனால அதை மட்டும் விட்டுடலாமான்னு கேக்க வந்தேன், உப்புக்கல் மேல எழுதுனதைத் திரும்பப் படிச்சுட்டேன். பதினாலு நாள் போச்சு.


உப்புக்கல்:

பாட்டில்ல பொறி வைங்க, கோபிக்கு நல்லா வேலை செய்யும். ஒரு லிட்டர் ப்ளாஸ்டிக் பாட்டிலோட கழுத்தை வெட்டி உள்பக்கமாத் திருப்பிச் சொருகி, உள்ள ரெண்டு மைசிஸ் போட்டு மணல்ல படுக்க வைங்க. சிக்குனதும் அதே டப்புக்கு போகட்டும், ஆனா நேரா 2.3ல எறக்காம தனியா ஒரு வாளில வெச்சு ரெண்டு மூணு நாள் ஏத்திட்டு விடுங்க. அதுக்கும் தனியா 30 நாள்.


நண்டுவளை:

பாட்டில் வெச்சாச்சு. ஷ்ரிம்ப் ரெண்டும் உள்ள போயி உக்காந்திருக்கு.